குடையைச் சம்பந்தி என்ற நாட்கள்

பக்கவாதம் வந்ததில் என் வலது கையைவிட அதிகமாக அடிபட்டது பேச்சுதான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷம் லேத் மெஷின் ஓட்டியவன் நான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நடக்க முடிந்தது. தண்ணீர் கேட்க முடியவில்லை. எல்லாப் பொருளும் தெரியும், பெயர்தான் வாயில் வராது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தந்த அம்மா ஒரு டேப்லெட்டில் ஆப் போட்டுக் கொடுத்தார். படம் வரும், பெயரைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் பொத்தானை அழுத்தலாம். முதல் எழுத்தைச் சொல்லும். முதலில் குடை வந்தது. வாய் "சம்பந்தி" என்றது. எங்களுக்குச் சம்பந்தியே இன்னும் அமையவில்லை. என் மனைவி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு.

அடுத்து பனிமனிதன் வந்தது. பிறகு ஏதோ வெளிநாட்டுப் பழம்.

"நல்லா இருந்தப்பவே இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதேங்க" என்றாள்.

பயிற்சி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுச் சாமான்களையே படம் பிடித்து ஏற்றினாள். முதல் எழுத்தும் அவள் குரலில்தான். டேப்லெட்டிலிருந்து "தோ..." என்பாள், நான் "தோசைக்கல்" என்பேன். அடுப்படியிலிருந்து "சரி" என்று பதில் வரும். தினமும் காலையில் அரை மணி நேரம்.

மூன்றாவது மாதம் புதிதாக ஒரு படம் வந்தது. என் டூல் பெட்டியில் கிடந்த அளவுக் கருவி. பொத்தானை அழுத்தினேன், சத்தமே வரவில்லை.

"அதுக்குப் பேரு எனக்குத் தெரியாதுங்க. பெட்டியில இருந்துச்சு, எடுத்தேன். என்னது அது?"

விளையாட்டில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"வெர்னியர்" என்றேன். "கம்பி எவ்வளவு தடிமன்னு... அளக்க. இந்தத் தாடையில வச்சு... இங்க கோடு சேருற எடத்தைப் பாக்கணும்."

திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் போனில் அதைப் பதிவு செய்து, என் ஒர்க்‌ஷாப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நான்கு பேர் சைக்கிளில் வந்தார்கள். "வெர்னியர்ல மேல் ஸ்கேல் கணக்கைச் சொல்லாம விட்டுட்டீங்களே" என்றார் ஒருவர். விடுவேனா? கருவியைக் கையில் எடுத்து, டீ ஆறும்வரை அவரோடு வாதாடினேன்.

இப்போது ஒர்க்‌ஷாப்பின் டூல் ரூமில் லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். சில பெயர்கள் இன்னும் நின்று நின்றுதான் வருகின்றன. கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள்.