இடித்துப்போட்ட மாடி

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நான் குடிக்கிறவன் இல்லை. கதை விடுகிறவனும் இல்லை. அளவெடுக்கிறவன். எதையும் மீட்டர், சென்டிமீட்டர் கணக்கில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இது என் வீட்டில், என் தலைக்கு மேலே நடந்தது. சத்தியமாக நடந்தது.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் குட்டி விமானங்கள்தான் இறங்கிக்கொண்டிருந்தன. படகில் ஒரு மணி நேரம் போனால் ஒரு தீவு. அங்கே சுற்றுலாக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பெரிய விமானம் இறங்க வேண்டும் என்று ஓடுதளத்தை நீட்டினார்கள். விமானம் தாழ்ந்து வரும் பாதையில் எந்தக் கட்டடமும் ஏழு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வீடு வீடாகப் போய் உயரம் அளந்த குழுவில் நானும் இருந்தேன். என்னை எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீடும் அந்தப் பாதையில்தான். கீழே நான், மனைவி, பிள்ளைகள். மாடியில் என் அக்கா. கல்யாணம் ஆகாதவள். இருபது வருடம் தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளே கட்டிய மாடி.

நான் உச்சியில் ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து டேப்பை விட்டேன். அக்கா கீழே நின்று நுனியைப் பிடித்துக்கொண்டாள். 7.9. எழுதிக்கொண்டேன்.

“சரியா அளந்தியாடா?”

“என் பொழப்பே அதுதானேக்கா.”

இரண்டு நாள் கழித்து, வேறொரு வீட்டில் எங்கள் குழு இன்ஜினியர் சொன்னார். “தொட்டி உயரத்தைத் தனியா எழுதுப்பா. தொட்டியை இறக்கினாலே போதும்.”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் தொட்டி ஒன்றரை மீட்டர். அதைக் கழித்தால் மாடி வெறும் 6.4. இடிக்கவே வேண்டியதில்லை!

சொல்லியிருக்கலாம். ஃபைல் மேலே போய்விட்டது, இப்போது தப்பென்று சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த 6.4-ஐ யாரிடமும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை. கோழைப் பயல் நான். வேறென்ன சொல்ல?

மூன்றே நாளில் மாடியை இடித்து அள்ளிக்கொண்டு போனார்கள். கீழே எங்களோடு இருக்கச் சொன்னேன். “ஏற்கெனவே நெரிசல். இதுல நான் வேறயா?” என்று அக்கா ஒரு வாடகை அறைக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. நாலாவது மாதம் அங்கேயே செத்துப்போனாள். மூச்சுத்திணறல் என்றார் டாக்டர்.

அடுத்த மாதம் சோதனை விமானம் வந்தது. கேமராவும் கருவிகளும் பொருத்திய சின்ன விமானம். பாதையில் தாழ்வாகப் பறந்து படம் எடுக்கும். கட்டடங்களின் உயரத்தைப் பதியும். ஓடுதள விளக்குகளையும் பார்க்க வேண்டும் என்பதால் இருட்டிய பிறகுதான் வரும். மனைவியும் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். அந்தக் கண்றாவியைப் பார்க்க எனக்கு மனசில்லை. வீட்டில் தனியாக இருந்தேன்.

இரவு 7.05.

சர்ர்ர்ர்... டக்.

இரும்பு டேப்பை இழுத்துவிடும் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். என் டேப் மேஜை மேல் இருந்தது.

7.09. சர்ர்ர்ர்... டக்.

தலைக்கு மேலே.

பக்கத்து வீட்டு வாண்டு எதுவோ ஏறிவிட்டது என்று நினைத்தேன். டார்ச்சோடு வெளிப்படியில் ஏறினேன்.

“எவன்டா அங்க?”

மொட்டைத் தளம். வளைந்து நிற்கும் நாலு கம்பி. மூலையில் உடைந்த செங்கல். யாரும் இல்லை.

அப்போது மறுபடியும் சத்தம் வந்தது...

இன்னும் மேலிருந்து.

எனக்கு மேலே வானம்தான் இருந்தது. அந்த வெறும் வானத்தில், மூன்று மீட்டர் உயரத்தில், யாரோ நடந்தார்கள். நாலு காலடிச் சத்தம். இடது காலை லேசாக இழுத்து இழுத்து...

அக்கா அப்படித்தான் நடப்பாள்.

சர்ர்ர்ர்...

ஏதோ ஒன்று என் காதை உரசிக்கொண்டு கீழே இறங்கியது. மெல்லிசாக. ஜில்லென்று.

“கீழ போய் நுனியைப் பிடிச்சுக்கோடா.”

ஐயோ... அக்கா குரல்!

7.14. விமானம் இரைந்துகொண்டு வந்தது. கண் கூசும் வெளிச்சம். கண்ணை இறுக்கி மூடினேன்...

திறந்தபோது கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. வலது கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. விரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, நிரந்தர வேலைக் கடிதம் தர இன்ஜினியர் கூப்பிட்டார். கொடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா டேப்பு, உன் வீட்டு மாடியை இடிக்கவே இல்லையா?”

“இடிச்சாச்சே சார். நீங்கதானே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க.”

“அப்போ இது என்ன?”

சோதனை விமானத்தின் அறிக்கை. எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே எழுதியிருந்தது:

‘நேரம் இரவு 7.14. மாடி வீடு. மாடியில் விளக்கு எரிகிறது. மேலே ஒரு பெண் டேப் விட்டு அளக்கிறார். வாசலில் ஓர் ஆண் அதன் நுனியைப் பிடித்திருக்கிறார்.’

அதற்குக் கீழே, கருவி பதிந்த வரி.

‘உயரம் 6.4 மீட்டர். இடைஞ்சல் இல்லை.’