தெரிந்தே தப்பாகப் போட்ட பில்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவருக்குச் சாரக்காரர் என்றுதான் பெயர். இரும்புக் குழாய், பலகை, கிளாம்ப் எல்லாம் சொந்தமாக வைத்துக்கொண்டு, எழும்புகிற கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வாடகைக்கு விடுவது தொழில். இளவயதில் தானே ஏறிக் கட்டியவர். இப்போது ஆட்கள் ஏறுகிறார்கள். அவர் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கத்துகிறார். ஐம்பதைத் தாண்டிய ஆள். மனைவி இறந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் சர்க்கரை, உப்பு, தூக்கம் எல்லாவற்றுக்கும் அவள்தான் மேனேஜர்.

வம்புதும்புக்குப் போகாத மனிதர். ஆனாலும் வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று மனதுக்குள் வைத்திருந்த குறை ஒன்று உண்டு. அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. வேலையாட்கள் “சரி முதலாளி” என்பார்கள். மகள் “சரிப்பா” என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்வாள். மனைவி இருந்தவரை, காலையில் எழுந்து “இன்னிக்கு வெயில் ஜாஸ்தி” என்றால், “நேத்துதான் ஜாஸ்தி” என்று உடனே பதில் வரும். அவள் போனபின் அவர் சொன்னதெல்லாம் சொன்ன இடத்திலேயே கிடந்தது.

அந்தக் குறை தீர்ந்த இடம், ஒரு கட்டுமானக் கம்பெனியின் கணக்குப் பிரிவு. வியாழக்கிழமைதோறும் சரக்குக் கொடுத்தவர்களெல்லாம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே தவம் கிடக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு சோபா. மூன்று பேருக்கான சோபாவில் ஐந்து பேர் உட்கார்வார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். செங்கல்காரர், பெயின்ட்காரர், மின்சார வேலைக்காரர், அப்புறம் பூட்டுக்கடை அம்மா. கதவுகளுக்குப் பூட்டு, கீல், கைப்பிடி கொடுப்பவர். அப்பா விட்டுப்போன கடையைத் தூக்கி நிறுத்துகிற மும்முரத்தில் கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோனவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா சாரக்காரரின் பில்லை எட்டிப் பார்த்தார்.

“மழை பெஞ்சு வேலையே நடக்காத நாளுக்கும் வாடகை போட்டிருக்கீங்களே, இது நியாயமா?”

“மழை பெஞ்சா சாரம் என்ன கழண்டு என் வீட்டுக்கு வந்துடுதா? அங்கேயேதானே நிக்குது.”

“நிக்குது சரி. உழைக்கலையே.”

“உங்க பூட்டு மட்டும் ஓடியாடி உழைக்குதோ? சும்மாதானே தொங்குது.”

“சும்மா தொங்குறதுதான் அதோட வேலை. அது ஓடியாடினா உங்க வீட்டுல ஒண்ணும் மிஞ்சாது.”

சோபாவே குலுங்கிச் சிரித்தது. சாரக்காரர் தோற்றுப்போனார். வீடு திரும்பும் வழியெல்லாம், இப்படிச் சொல்லியிருக்கலாமே, அப்படிச் சொல்லியிருக்கலாமே என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றால் இஸ்திரி போட்ட சட்டை.

கடைக்கே போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். போகாமலா இருந்தார்? ஆனால் கடையில் அந்த அம்மாவுக்குத் தலைக்குமேல் வேலை. கல்லாவில் அவருடைய தம்பி. பூட்டு வாங்காமல் அங்கே நிற்க முடியாது. ஒரே வாசல் உள்ள வீட்டுக்கு ஒரு மனிதர் எத்தனை பூட்டுதான் வாங்குவார்? “நம்ம வீட்டுல அப்படி என்னப்பா புதையல் இருக்கு?” என்று மகள் கேட்ட பிறகு கடைக்குப் போவதை விட்டுவிட்டார். சோபாதான் கதி.

அந்தச் சோபாவின் தலையில்தான் கல்லைத் தூக்கிப் போட்டார்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண், சிரித்த முகமும் சுறுசுறுப்புமான பிள்ளை, ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: “அடுத்த மாசத்துலேருந்து போர்ட்டல் வருது. பில்லை உங்க ஃபோன்லேருந்தே ஏத்திடலாம். யார் மேசையில இருக்கு, என்னிக்குப் பணம் வரும், எல்லாம் அதுலயே தெரியும். இனிமே யாரும் இங்க வந்து காத்துக்கிடக்க வேண்டாம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். பூட்டுக்கடை அம்மா ரொம்ப பலமாகத் தட்டினார். சாரக்காரர் மட்டும் தட்டவில்லை. இனி என்ன சாக்கை வைத்துக்கொண்டு, எங்கே போய் அந்த அம்மாவைப் பார்ப்பது? கொடுத்த விளக்கத் தாளை வீட்டில் வரிவரியாகப் படித்தார். கடைசியில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஒரே பில் மூன்று முறை திருப்பப்பட்டால் நேரில் வரவும். போன உயிர் திரும்பி வந்தது. நேரில் போக வேண்டியவர்களுக்கு வியாழக்கிழமைதானே, அந்த அம்மாவுக்கும் ஏதாவது ஒரு பில் திரும்பாமலா போகும் என்று கணக்குப் போட்டார்.

முதல் பில்லில் ஆர்டர் நம்பரை விட்டுவிட்டு ஏற்றினார். சாயங்காலமே அந்தப் பெண் ஃபோனில் வந்தாள். “நானே தேடிப் போட்டுட்டேன் சார். நீங்க அலைய வேண்டாம்.” அடுத்ததைத் தலைகீழாகப் படம் எடுத்து அனுப்பினார். போர்ட்டலே அதை நேராக்கிக்கொண்டது. அதற்கடுத்ததாக, பில்லுக்குப் பதில் சாரத்தையே படம் எடுத்து ஏற்றினார். “படம் ரொம்ப நல்லா இருக்கு சார். பில்லை வாட்ஸப்ல அனுப்புங்க, நான் ஏத்திடறேன்.” கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஆள்கூட வந்து நிற்கக்கூடாது என்று அந்தப் பிள்ளை கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். பணமும் சொன்ன நாளில் டாண் என்று வந்தது. பணம் வந்துவிட்டதே என்று வருத்தப்பட்ட காண்ட்ராக்டர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மகள் ஒரு நாள் அவர் ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

“போன வருஷத் தேதி போட்டிருக்கீங்க.”

“கை தவறிடுச்சு.”

“ஆர்டர் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல என் ஃபோன் நம்பர் இருக்கு.”

“அதுவும் தவறிடுச்சு.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்பா, உங்களுக்கு நிஜமாவே இது வரலையா, இல்ல, வர வேண்டாம்னு இருக்கீங்களா?” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரிப்பா” என்று ஃபோனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை மட்டும் தன் இஷ்டத்துக்கு எதையும் திருத்தவில்லை.

கடைசியில் பாஸ்வேர்டைத் தப்புத்தப்பாக அடித்துப் போர்ட்டல் கணக்கையே முடக்கினார். அதற்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். வியாழக்கிழமை பார்த்து, இஸ்திரி சட்டையோடு போனார். போனால் சோபாவைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி.

“இப்பல்லாம் யாரும் வர்றதில்லையாம்மா?”

“யாருமே வர்றதில்ல சார்” என்றாள் பெண், பெருமையாக.

“பூட்டுக்கடை அம்மாகூட?”

கீபோர்டில் அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: “அவங்க முதல் நாளே கத்துக்கிட்டாங்க. அதனால அடுத்த வியாழக்கிழமை, போர்ட்டல் வராதவங்களுக்கு அவங்களையே சொல்லிக்குடுக்கச் சொல்லியிருக்கோம். உங்க பேரை இப்பவே எழுதிக்கறேன். ஒரு நாள் வகுப்புதான்.”

வகுப்பு மீட்டிங் அறையில் நடந்தது. ஆளுக்கொரு லேப்டாப். செங்கல்காரர் அதைத் தொடவே பயந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பூட்டுக்கடை அம்மா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, சாரக்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்க, போடுங்க பார்ப்போம். கடை எப்படிப் போகுதுன்னு கேக்கவே மாட்டீங்களா?”

“எப்படிப் போகுது?”

அந்த அம்மா கடைக்கதையைச் சொல்லத் தொடங்கினார். சாரக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். மனசு முழுக்கக் கதையில். கை பாட்டுக்கு ஆர்டர் நம்பரை அடித்து, தேதியைப் போட்டு, பில்லை ஏற்றி, வாடகை நாள் கணக்கை இணைத்து, அனுப்பு என்பதையும் அமுக்கிவிட்டது. திரையில் பச்சை டிக் வந்தது. கதை பாதியில் நின்றது.

“ஓஹோ” என்றார் பூட்டுக்கடை அம்மா. “எனக்கே இவ்வளவு வேகமா வராது.”

சாரக்காரர் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

“எல்லாம் தெரியுது. அப்புறம் எதுக்கு கணக்குப் பிரிவுப் பொண்ணை அந்தப் பாடு படுத்தினீங்க? சாரத்தைப் படம் எடுத்து அனுப்பினதைக்கூடச் சொன்னா. இங்க எதுக்கு வந்தீங்க?”

“உங்களைப் பார்க்கத்தான்” என்றார் சாரக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. “நான் எது சொன்னாலும் இல்லைன்னு சொல்ல வேற யாரும் இல்ல. தப்பா நினைச்சுக்காதீங்க.”

அடுத்த மேசையில் செங்கல்காரர், “அம்மா, இது சுத்திக்கிட்டே இருக்கு” என்று கூப்பிட்டார். பூட்டுக்கடை அம்மா எழுந்து நாற்காலியை ஒழுங்காகத் தள்ளிவைத்தார்.

“வகுப்பு இன்னியோட முடிஞ்சுது. இதுக்கப்புறம் என்ன சாக்கு வச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப சாக்கு இல்லாமயே கடைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு, செங்கல்காரரைப் பார்க்கப் போனார்.