இரண்டாம் சரணத்தில் நின்றுபோகும் பாட்டு: பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை

என் கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அவர் கேட்டு நான் மறுத்த காரியம் ஒன்றே ஒன்றுதான்: தெருவில் நாற்காலி போட்டு நடக்கும் இன்னிசைக் கச்சேரிக்கு அவருடன் போகவில்லை. எண்பதுகளில் அவர் அரியலூரில் சிமென்ட் ஆலைப் பொறியாளர். ஆறு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் கூப்பிட்டார். கான்வென்டில் படித்தவள் தெருவில் உட்கார்ந்து சினிமாப் பாட்டுக் கேட்பதா என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவர் தனியாகவே போய்வந்தார்.

எண்பதுகளின் பாட்டுகளை மட்டும் ‘அச்சு அசலாக’ வாசிக்கும் குழு ஒன்று பெரம்பலூரில் இருப்பதாகச் சென்ற மாதம் எதிர்வீட்டுக்காரர் சொன்னார். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெரம்பலூரிலும் மறுநாள் அரியலூரிலும் கச்சேரி. போவதென்று தீர்மானித்தேன். அவருக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டை, கூட்டத்தோடு உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் திரும்புவது.

அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்காது. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. வானொலியில் அபூர்வமாகத்தான் போடுவார்கள். எங்கள் வீட்டில் அதன் இசைத்தட்டு இருக்கிறது. அதைத் திருச்சியில் ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றியிருந்தேன். பாட்டின் நீளம் ஐந்து நிமிடம் பத்து விநாடி. ‘அச்சு அசல்’ என்பதைச் சரிபார்க்க, கையடக்க சிடி பிளேயரையும் பையில் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் 2.10க்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஏறினேன். சுமார் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 19 ரூபாய். பிற்பகலில் போகிறவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள். வெயில் இடப்பக்கம் அடிக்கும். பாடாலூரைத் தாண்டியதும் சாலையை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் புழுதி. 3.35க்குப் பெரம்பலூர். பேருந்து நிலையத்துக்கு அருகே லாட்ஜில் தனி அறை 250 ரூபாய். படுக்கை விரிப்பை இரண்டு முறை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

ஏழு மணி என்று போட்டிருந்த கச்சேரி 7.40க்குத் தொடங்கியது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். இங்கே ஒரு வழக்கம். வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஊர், பேர் சொல்லி ‘விரும்பிக் கேட்ட’ பாட்டாகப் பாடுவார்கள். குரும்பலூர், பூலாம்பாடி என்று சீட்டுகள் குவிந்தன. நானும் எழுதினேன், பேர் மட்டும் போடவில்லை. இழுத்துக்கொண்டே போன ஒரு பாட்டின்போது கீபோர்டுக்காரர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, “அண்ணே, சாப்பாடு ஆறுது” என்றார். குழு முழுவதும் சிரித்து, அந்த இடத்திலேயே பாட்டை முடித்தது. பசிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பாட்டு 8.25க்கு வந்தது. முகப்புப் புல்லாங்குழலைக் கீபோர்டில் வாசித்தார்கள். ஒரு பிசிறு இல்லை. முதல் இடையிசையில் தபேலாக்காரர் தாளத்துக்கு வெளியே ஒரு ‘டக்’ வைத்தார். எங்கள் தட்டில் சரியாக அந்த இடத்தில் ஒரு கீறல் உண்டு. எல்லாத் தட்டிலும் அப்படித்தான் இருக்கும்போல என்று வியந்துகொண்டிருக்கும்போதே, இரண்டாம் சரணத்தின் இரண்டாவது வரியில் பாட்டு நின்றது. கூட்டம் கைதட்டியது. பக்கத்திலிருந்த பெண் திருப்தியாகத் தலையாட்டினார்.

கான்வென்டில் எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், பாட்டைப் பாதியில் விடுவதும் ஜெபத்தைப் பாதியில் விடுவதும் ஒன்று என்பார். இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனேன். குழுத் தலைவர் செல்வராசு, நாற்பத்தைந்து வயதிருக்கும், டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பாட்டைப் பாதியில விட்டுட்டீங்களே?”

“இல்லீங்கம்மா, பாட்டே அவ்வளவுதான். இந்தப் பக்கம் சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்.”

“அவ்வளவு இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் இருக்கு.”

கீபோர்டுக்காரர் சிரித்தார். “டீச்சரம்மாங்களா?”

“இல்லை. காது இருக்கிறவ.”

சிடியைப் போட்டு ஹெட்போனைச் செல்வராசுவிடம் நீட்டினேன். கேட்டார். முகம் மாறியது. மீண்டும் ஒருமுறை கேட்டார். “ஆமாங்கம்மா, இருக்குதுதான். ஆனா நாளைக்குத் திடீர்னு நீட்டிப் பாடுனா சனம் எந்திரிச்சுப் போயிரும். இருபது வருசமா கேட்ட பாட்டு பாருங்க.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு ஒத்திகை?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “மூணு மணிங்கம்மா. கோயிலுக்கு எதுத்தாப்ல கல்யாண மண்டபம்.”

ஞாயிறு பிற்பகல் ஒன்றரை மணிப் பேருந்து. அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர், பத்து ரூபாய், ஒரு மணி நேரம். ஊர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். வேப்பமரங்கள் பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் விட்டுவந்தபோது இருந்தது போலவே வெளுத்திருந்தன. ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கேட்டார்; இருபத்தைந்துக்கு வந்தார். “சொந்தக்காரங்க வூடுங்களா?” என்று கேட்டார். “பாட்டு ஒத்திகைக்குப் போறேன்” என்றேன். “நீங்க பாடுவீங்களா!” என்றார்.

மண்டபத்தில் செல்வராசு எனக்கு முன்பே வந்திருந்தார். எதிரில் ஒரு பழைய டேப் ரிக்கார்டர்.

“நேத்து நீங்க சொன்னதுல எனக்குத் தூக்கமே இல்லீங்கம்மா. பொய்யா வாசிச்சிட்டோம்னு நெனச்சிராதீங்க. எங்க மச்சான் ஆலைக்கு லாரி ஓட்டுனாரு. கோட்டர்ஸ்ல ஒரு சார் ரெக்கார்டு போட்டுப் பிடிச்சிக் குடுத்த கேசட்டு இது. இதுலேருந்துதான் இந்தப் பக்கம் பூரா காப்பி எடுத்தாங்க. லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருத்தரு துபாய்க்கே கொண்டு போனாரு. நீங்களே கேளுங்க.”

கேசட் அட்டையில் நீல மையில் எழுதியிருந்த எண்கள் தெரிந்தன. ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு. என் கணவர் அப்படித்தான் எழுதுவார்.

டேப் ஓடியது. முகப்புப் புல்லாங்குழல். முதல் இடையிசையில் ‘டக்’. இரண்டாம் சரணம், முதல் வரி, இரண்டாவது வரி. அதற்கு மேல் ஒரு பெண் குரல், திருத்தமாக, கண்டிப்பாக: “ஏங்க, போதும். நிறுத்துங்க. சாப்பாடு ஆறுது.”

அவர் குரல்: “ஒரே நிமிஷம், ரஞ்சி.”

“நிறுத்துங்கன்னேன்.”

டப்பென்று டேப் நின்றது.

கீபோர்டுக்காரர், “இந்தம்மாதாங்க எங்க குரு. பாட்டு நீண்டுச்சுன்னா இவங்க சொன்னதத்தான் நாங்களும் சொல்லிக்குவோம்” என்றார். செல்வராசு சிரிக்கவில்லை. என் குரலை நேற்றும் கேட்டிருந்தார் அல்லவா.

“அம்மா… நீங்களா?”

“நான்தான்.”

கீபோர்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னேன். மைக்கை ஸ்பீக்கர் அருகே பிடித்துப் பதிவு செய்த காலம் அது. அறையில் யார் பேசினாலும் உள்ளே விழும். அன்று என்ன சமைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. ஆறிப்போனால் பெரிதாக என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியவில்லை.

“அப்ப பழையபடியே முடிச்சிருவோமாங்கம்மா? சாரு பிடிச்சபடியே இருக்கட்டும்” என்றார் செல்வராசு மெதுவாக.

“அவர் ஒரு நிமிஷம் கேட்டார். நான் கொடுக்கல. முழுசா வாசிங்க.”

மூன்றரையிலிருந்து ஆறு மணிவரை வாசித்தார்கள். பாடகர் மீதி வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசி இடையிசையைக் கீபோர்டுக்காரர் பதினோரு முறை வாசித்தார். பத்து முறை தப்பு என்று சொன்னது நான்தான்.

அன்று சீட்டில் அவர் பேரையும் என் பேரையும் எழுதிக் கொடுத்தேன். 8.10க்கு அறிவிப்பாளர் இரண்டு பேரையும் வாசித்தார். இரண்டாம் சரணத்தின் இரண்டாவது வரி வந்ததும் வழக்கம்போல் கூட்டம் கைதட்டியது. நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். செல்வராசு என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. மூன்றாவது வரி தொடங்கியது. எனக்குப் பின்னால் ஒரு ஆள், “என்னடா இது, இன்னும் போவுது!” என்றார். “சும்மா கேளுய்யா” என்றது ஒரு பெண் குரல். எழுந்தவர்கள் நின்றபடியே கேட்டார்கள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பாடகர் ஒரு சொல்லை விழுங்கினார், இடையிசை சற்று வேகம், முடிவில் தபேலா ஒரு தட்டு அதிகம். மூன்று பிழை. கைதட்டல் வருவதற்கு முன் ஒரு கணம் தெரு அமைதியாக இருந்தது. நான் தெருவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலில் திருச்சி வந்துசேர்ந்தேன். சுமார் எழுபது கிலோமீட்டர். பேருந்தைவிட ரயில் சௌகரியம், புழுதி இல்லை. சிடியைச் செல்வராசுவிடமே கொடுத்துவிட்டேன். கேசட்டை அவர் எனக்குத் தர முன்வந்தார். பிரதி மட்டும் போதுமென்றேன். அது அந்த ஊருடையது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் கழித்துத்தான் தொடங்குவார்கள். ஆனால் முதல் வரிசை வேண்டுமென்றால் ஆறரைக்கே போய்விடுங்கள். தண்ணீரும் விசிறியும் எடுத்துச் செல்லுங்கள். சீட்டில் உங்கள் பேரை எழுதத் தயங்காதீர்கள். உடன் வருகிறவரையும் அழைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துவிட்டுப் போங்கள். முடியாமல் போனால், அது ஆறட்டும்.