சைனீஸுக்கு டியூஷன்

மெட்டில்டா டீச்சர் பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் சீன வியாபாரிகளோடு போனில் பேசிப் பேசியே அவர்கள் மொழியான மாண்டரின் பழகியவர். பிறகு முறையாகப் பரீட்சையும் எழுதினார். தாம்பரத்து அரசுப் பள்ளி ஒன்றில், பாதி நாள் தமிழ், பாதி நாள் மாண்டரின் என்று ஒரு வகுப்பைச் சோதனையாகத் தொடங்கியபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வேலைவாய்ப்பு என்று மேலிடம் சொன்ன காரணத்தை டீச்சர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் இங்கிலீஷ் பேசும் பிள்ளையும், வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளையும் மாண்டரினை ஒன்றுபோல முதல் எழுத்திலிருந்துதான் தொடங்கினார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. மற்ற பாடங்களில் வாயே திறக்காத அனுப்பிரியா இங்கே முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

ஆனால் அரையாண்டுக்குள் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்னார்கள். "இன்னும் ரெண்டு பேர் போனா வகுப்பையே மூடிடுவாங்க மேடம்" என்றார் தலைமையாசிரியர் சிவகுமார்.

அனுப்பிரியாவின் அம்மா பச்சையம்மாவும் வந்து நின்றாள்.

"பாடம் பிடிக்கலையாம்மா?"

"பாடம் நல்லாத்தான் கீது டீச்சர். டியூஷன் இல்லியே! தாம்பரம் பூரா தேடிட்டேன். கணக்குக்குக் கீது, இந்திக்குக் கீது, கராத்தேக்குக் கூட கீது. டியூஷன் இல்லாத பாடம் இன்னா பாடம்?"

அரசுப் பள்ளி ஆசிரியர் டியூஷன் எடுக்கக் கூடாது. வீட்டில் ரிட்டையராகி டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவர் லாசரஸுக்கு அப்படித் தடை ஏதும் இல்லை.

"எனக்குத் தெரிஞ்ச சைனா ஃப்ரைட் ரைஸ் ஒண்ணுதான், மெட்டில்டா."

"நீங்க எதுவும் சொல்லித்தர வேண்டாம். 'எனக்குப் புரியல, திரும்பச் சொல்லு'ன்னு மட்டும் கேளுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

மறுவாரமே வாசலில் செருப்புகள் குவிந்தன. லாசரஸ் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு புரியவில்லை என்றார். உண்மையிலேயே புரியவில்லை. அவருக்குப் புரியவைக்கப் பிள்ளைகள் தொண்டை வறளக் கத்தினார்கள். மாற்றல் கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒருநாள் மகளைக் கூட்டிப்போகச் சீக்கிரமே வந்துவிட்ட பச்சையம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே அனுப்பிரியா ஸ்கேலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "சார், நேத்தே சொன்னேன்ல? வூட்ல படிக்கிறதே இல்லியா?" லாசரஸ் தலையைச் சொறிந்தார்.

பச்சையம்மா நேராக அடுக்களைக்குள் வந்தாள். டீச்சர் கரண்டியோடு அப்படியே நின்றார். வகுப்பு போயிற்று என்றே நினைத்தார்.

"இன்னா டீச்சர், சாருக்கு ஒண்ணுமே தெரியல?"

"ஆமாம்மா. தெரியாது."

"எம்பொண்ணு இவ்ளோ சத்தமாப் பேசி நான் பாத்ததே இல்ல. அது இங்கியே இருக்கட்டும். ஆனா சாரைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க. அவராலதான் கிளாஸு லேட்டாவுது."