தாத்தாவைத் தனியே விட்ட இருபத்தைந்து நிமிடம்

நம்பாவிட்டால் போங்கள். என் அம்மாவே நம்பவில்லை. ஆனால் நடந்தது. போன ஆகஸ்டில், இஸ்ரேலின் ஹைஃபாவில். நான் குடித்திருக்கவில்லை.

செத்தவரைப் புதைக்கும்வரை தனியே விடக்கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வேதப் புத்தகத்தின் சங்கீதம் வாசிக்க வேண்டும். யூதர்களான எங்கள் வழக்கம் அது.

"படிப்பை விட்ட. பெட்ரோல் பங்க்ல ராத்திரிக் காவல். முழிச்சிருக்கத் தெரிஞ்ச ஜென்மம் நீ ஒருத்தன்தான் அவ்னர், தாத்தா பக்கத்துல நீயே உக்காரு," என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன். தாத்தா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சின்ன வயதில் நான் அவர் சீட்டுக்குப் பின்னால்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் திரும்பாமலே கையை நீட்டுவார். உள்ளங்கையில் சூரியகாந்தி விதை. நான் படிப்பை விட்ட அன்று வீடே கத்தியது. அவர் மட்டும், "சாப்டியா?" என்றார்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நாற்பத்தைந்து ஜனவரியில் நாஜிகள் முகாமிலிருந்து பனியில் நடத்திக் கொண்டுபோனபோது, அவருடைய அண்ணன் ஹெர்ஷ் விழுந்து செத்துப்போனாராம். "பக்கத்துல உக்கார ஒருத்தன் இல்லடா. என்னை அப்படி விட்றாத."

சத்தியம் செய்திருந்தேன்.

பிணவறைக்கு ஒரே கதவு. ஜன்னல் இல்லை. நாற்காலிக்கடியில் ஆஸ்பத்திரி கொடுத்த பை. தாத்தாவின் கண்ணாடி, கடிகாரம், பழுப்பு ஷூ. நானே எடுத்து வைத்தது.

2.45. தாகம். செத்தவர் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வெளியே வந்தேன். ஒரு மடக்கு...

டொக்.

கதவு பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே.

தோளால் இடித்தேன். உதைத்தேன். "தாத்தா, இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினேன். காவலாளி அல்மக்கியாஸுக்கு போன் போட்டேன்.

"வரேன்டா, உயிரை வாங்காத. அவர் எங்கயும் ஓடிட மாட்டார்."

2.52. உள்ளே நாற்காலி நகர்ந்தது.

புத்தகப் பக்கம் புரளும் சத்தம்.

பிறகு... குரல். சங்கீதம். இளைஞன் குரல். தாத்தா ஊர்க்காரர்களின் இழுவை.

வரிக்கு வரி, வாசிப்பவனின் பற்கள் குளிரில் கிடுகிடுத்தன.

ஆகஸ்டில்.

3.10. அல்மக்கியாஸ் வந்தார். கதவில் காதை வைத்தார். "உள்ளதான் ஒருத்தர் வாசிக்கிறாரே. எதுக்குடா என்னை எழுப்புன?"

திறந்தார்.

யாரும் இல்லை.

தரையில் ஈரத் தடங்கள். வெறுங்கால். தாத்தாவிடமிருந்து நாற்காலி வரை.

அதற்கப்பால் இல்லை.

அன்றே புதைத்தோம். துக்கத்தின் நான்காம் நாள் அம்மா பையைத் திறந்தாள். செத்தவர் ஷூவை எங்களில் யாரும் போடமாட்டோம், எறிந்துவிடுவோம்.

"ஷூ எங்கடா?"

கண்ணாடி இருந்தது. கடிகாரம் இருந்தது.

தாத்தாவோடு அந்தப் பனியில் நடந்து வந்த லாசர் மூலையில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றேழு வயது. என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"உன் தாத்தாவுக்கு ஷூ கிழிஞ்சுபோச்சு. ஹெர்ஷோடதைக் கழட்டி மாட்டிக்கிட்டான். அதாலதான் பொழைச்சான்."

"செத்தப்புறம்தானே?"

லாசர் என் காலையே பார்த்தார்.

"கழட்டும்போது ஹெர்ஷ் வேண்டாம்னு சொன்னான்டா. என் காதால கேட்டேன்."