வலப்பக்க விளக்கும் சனிக்கிழமைத் தண்ணீரும்

வண்டியில், இடப்பக்க சீட்டுக்கு முன்னால் இருக்கும் அறையில் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், போன இடம், ஏற்றிய பொருள் என்று நான்கு கட்டங்களில் எழுதிவிடுவேன். ஐந்தாவது கட்டம் ‘குறிப்பு’. பெரும்பாலும் அது காலியாகவே இருக்கும். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில் இருபது வருடம் பதிவேடு பார்த்து வந்த பழக்கம் இது. என் கணவர் அந்த நோட்டைக் ‘காரோட ஜாதகம்’ என்பார்.

வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதிவைப் புதுப்பிப்பதற்கான ஆர்.டி.ஓ. ஆய்வு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. எனக்கும் கணவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. தேறினால் வண்டி வீட்டில் இருக்கும். தேறாவிட்டால் இரண்டாம் முறை அலையாமல் விற்றுவிடுவது. சொன்னவர் அவர். தேறிவிடும் என்ற தைரியத்தில் நானும் சரி என்றேன். நாற்பத்திரண்டு வயதில் நான் ஓட்டப் பழகிய வண்டி. மாதம் ஒரு ஞாயிறு கேஜிஎஃப் போய் அம்மாவைப் பார்த்து வருவதும் இதில்தான். தனியாக, என் நேரத்துக்குப் புறப்பட்டு.

வியாழக்கிழமை காலை அல்சூர் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடியைத் தட்டினார்.

“பின்னாடி ரைட் சைடு பிரேக் லைட்டு எரியல மேடம். இன்னும் கொஞ்சம்னா உங்க டிக்கிக்குள்ள வந்து குந்தியிருப்பேன்.”

அன்று மாலை குறிப்பில் எழுதினேன். எழுதும்போதுதான் மேலே கண் போனது. போன மாதம் இரண்டு முறை இதே புகாரை எங்கள் அடுக்குமாடிக் காவலாளி சொல்லி, நான் எழுதியிருந்தேன். மறுநாள் பார்த்தபோது எரிந்ததால் இரண்டு முறையும் அப்படியே விட்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் ஓட்டிப் போனேன். அவர் பின்னால் நின்றுகொண்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன்.

“ஜம்முனு எரியுதேக்கா.”

“வியாழக்கிழமை எரியல. போன மாசமும் ரெண்டு வாட்டி எரியல.”

“லைட்டுக்குக் கூட கிழமை உண்டா? எங்க வீட்டம்மா வெள்ளிக்கிழமை சிக்கன் தொடமாட்டாங்க, அந்த மாரியா?”

இருந்தாலும் பல்பை மாற்றினார், ஹோல்டரைச் சுத்தம் செய்தார். மறுபடி வந்தால் வயரிங் முழுக்க மாற்ற வேண்டும், ஒரு வாரம் வண்டியை விட வேண்டும் என்றார். கழற்றிய பழைய பல்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் ஒரு காகித உறையில் போட்டு, மேலே ‘வலது பின், நல்லது?’ என்று எழுதி வைத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மனநிம்மதிக்காக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கணவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். அவர் மிதித்தார். இடது எரிந்தது. வலது எரியவில்லை.

“பாத்தியா? அதுக்கே ரிட்டையர் ஆவணும்னு ஆசை,” என்றார்.

பிறகு சும்மா பார்க்கிங் விளக்கைப் போடச் சொல்லி, மறுபடி மிதிக்கச் சொன்னேன். வலப்பக்கம் எரிந்துகொண்டிருந்த சிவப்பு, பிரகாசமாவதற்குப் பதில் மங்கியது. பக்கத்தில் யாரும் போடாத இண்டிகேட்டர் மஞ்சளாக மினுங்கியது. இன்னும் கிட்டப் போய்க் குனிந்தேன். ஒரு விளக்கு எரியாமல் இருந்தால் அது வெறும் குறை. பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் எரிந்தால் அது ஒரு துப்பு. மின்சாரம் வருகிறது, ஆனால் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து விளக்குகளுக்குள் புகுந்து வழி தேடுகிறது.

“எட்டு மணிக்கு டிபன்னு சொன்ன,” என்றார் உள்ளே இருந்து.

“ரவை வறுத்து வெச்சிருக்கேன். மிதிங்க.”

உறையிலிருந்த பழைய பல்பில் இரண்டு வயர்த் துண்டுகளைச் சுற்றினேன். ஒரு முனையை ஹோல்டரில் மின்சாரம் வரும் இடத்திலும் மறு முனையை வண்டி உடம்பின் வெறும் இரும்பிலும் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் வரும் வழி சரி. அடுத்து அந்தப் பழைய பல்பை எடுத்துவிட்டு, ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் முனையிலிருந்து, இரும்புக்கு ஒரு வயரை மட்டும் பிடித்தேன். வலது பிரேக் விளக்கு முழுச் சிவப்பாக எரிந்தது. வயர் நழுவி விளக்கு அணைந்தது. மறுபடி வைத்தேன், எரிந்தது. நான்கைந்து தடவை வேண்டுமென்றே எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன்.

எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. அந்தக் கறுப்பு வயர் டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது.

இதற்குள் “எரியுதா, எரியலயா” என்ற எங்கள் கத்தலுக்கு மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. அதனால் கைச் சைகைக்கு மாறினோம். இடது விளக்கு எரிந்தால் இடது கை, வலது எரிந்தால் வலது கை. பின்னால் நின்று நான் தூக்க, அவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்.

அவர் டிபன் சாப்பிடப் போன நேரத்தில் நோட்டை எடுத்தேன். அலுவலகத்தில் ஒரு பரிசோதனை பிசகினால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, முந்தின முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது. சனிக்கிழமை மதியம் எரிந்தது. ஞாயிறு காலை எரியவில்லை. நடுவில் இருந்தது ஒரே பதிவு: ‘மாலை, தண்ணீர், இரண்டு கேன்.’ வியாழன் காலைக்கு மேலே பார்த்தேன். புதன் மாலை, தண்ணீர், இரண்டு கேன். போன மாதத்து இரண்டு குறிப்புகளுக்கு மேலும் அதே வரி இருந்தது.

எங்கள் பகுதியில் குடிதண்ணீருக்குத் தெருமுனை சுத்திகரிப்பு நிலையத்தில் காசு போட்டுக் கேனில் பிடித்து வர வேண்டும். கேன்கள் உருளாமல் இருக்க அவற்றை டிக்கியின் வலது மூலையில் ஒட்டி வைப்பேன். எப்போதும் அதே மூலை. மூடி கசிந்து விரிப்பு நனையக் கூடாது என்று அடியில் பழைய டவலை நான்காக மடித்துப் போட்டிருப்பேன்.

டவலை எடுத்தேன். ஈரம். விரிப்பைத் தூக்கினேன். மூலையில் ஒரு போல்ட், அதன் கீழே ஒரு கறுப்பு வயரின் வளையம். இரண்டும் காவி நிறத்தில் துருவேறியிருந்தன. விரலால் தொட்டதும் வளையம் ஆடியது.

எல்லாம் விளங்கிவிட்டது. டவல் ஈரத்தைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இருபது லிட்டர் கேன் இடிக்கும்போது வளையம் விலகியது. பெங்களூர்ப் பள்ளங்களில் குலுங்கும்போது திரும்ப ஒட்டிக்கொண்டது. எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சேர்வதற்குள் சாலையே ரிப்பேர் செய்துவிட்டிருக்கிறது.

மாடிக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். உப்புமாத் தட்டோடு இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

“வேற யாராச்சும்னா கண்ட எடத்துல வெச்சிருப்பாங்க. நீ கரெக்டா அதே எடத்துல வெச்சு, தண்ணி ஊத்தித் துருவை வளத்திருக்க,” என்றார்.

ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் வளையத்தையும் அடி இரும்பையும் வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, இறுக்கினேன். அவர் மிதித்தார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். மாடி ஜன்னலிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

திங்கட்கிழமை ஆய்வு மைதானத்தில் நான் டிரைவர் சீட்டில் இருந்தேன். எஞ்சின் நம்பர், புகைச் சான்றிதழ், ஹாரன் எல்லாம் முடிந்தன. அதிகாரி பின்பக்கம் நடந்தார். வழியில் எண்ணியதில் பெரிய பள்ளங்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் அந்தப் போல்ட்டை நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

“பிரேக் ஒத்தி, மேடம்,” என்று கன்னடத்தில் மிதிக்கச் சொன்னார்.

மிதித்தேன். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் வண்டியின் பிரேக் விளக்கு தெரியாது. கண்ணாடியில் அதிகாரி குனிந்து ஏதோ எழுதுவது மட்டும் தெரிந்தது. அவருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, ஒப்பந்தம் போட்ட என் கணவர் நின்றிருந்தார். முதலில் இடது கையைத் தூக்கினார். பிறகு, இவ்வளவு பேருக்கு நடுவில், வலது கையையும் தூக்கி, அதிகாரி திரும்பிப் பார்த்த பிறகும் இறக்காமல் நின்றார்.