நான் தீர்த்தம் தெளிச்ச குழி

மன்னார்த் தீவில மண்ணைத் துளைக்கிற ஆரைக் கண்டாலும் தண்ணி தேடுறான் எண்டுதான் நாங்கள் நினைப்பம். என்ர புத்தியும் அப்பிடித்தான் போச்சுது.

அண்டைக்கு என்ர மனுசன் கடலுக்குப் போயிட்டார். பிக்கப்பில வந்த நாலு பேர் எங்கட பனங்காணிக்குள்ள இரும்புக் குழாயோட நிண்டாங்கள்.

"தம்பி, தண்ணியோ பாக்கிறியள்?"

"ஓம் அக்கா, எல்லாம் பாக்கிறம்" எண்டான் ஒருத்தன்.

எனக்கு வந்த சந்தோசம்! எங்கட ஒழுங்கையில இருக்கிற வீட்டுச் சனம் முழுக்க எங்கட கிணத்திலதான் அள்ளுறது. நல்ல தண்ணி, ஆனா கோடையில அடி தட்டும். அரசாங்கம் கடைசியாக் கண்ணைத் திறந்திட்டுது எண்டு நினைச்சு, கிணத்துக்குப் பக்கத்தில நானே இடம் காட்டினன்.

புதுக் கிணறு வெட்டினா எங்கட ஆக்கள் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரிப்பினம். அந்த நேரம் சுவாமிக்கு எங்க போறது? கோயில்ல இருந்து போத்தலில கொண்டுவந்து வைச்ச தீர்த்தத்தை எடுத்து, சிலுவை போட்டு, அவங்கள் துளைச்ச குழிக்குள்ள தெளிச்சன். அவங்கள் ஆளை ஆள் பாத்துச் சிரிச்சாங்கள். நான் தேத்தண்ணியும் போட்டுக் குடுத்தன்.

தண்ணி தேடுறவன் ஒரு சொட்டாவது வாயில வைச்சுப் பாக்கமாட்டானே? இவங்கள் மண்ணையெல்லோ பை பையாக் கட்டி, நம்பர் எழுதி அடுக்கினவங்கள். கண்ணுக்கு முன்னால நடந்தது, விளங்கேல்ல. விசரி!

பிறகு அரசாங்கக் கந்தோரில கூட்டம் வைச்சுச் சொன்னவை. எங்கட மண்ணுக்குள்ள விலைபோற கனிமம் இருக்காம், வெளிநாட்டுக் கொம்பனி முதல் போடுமாம், டொலர் வருமாம், நாடு நிமிருமாம்.

நான் எழும்பினன். "நாடு நிமிரட்டும் ஐயா, நாங்கள் எதைக் குடிக்கிறது?"

"அதுக்கும் திட்டம் இருக்கு" எண்டார் ஒரு அதிகாரி. மைக் வேற ஆளிட்டப் போயிட்டுது.

குழியை ஒருத்தரும் மூடேல்ல. அடுத்த கோடைக்குக் கிணறு உவர்த்திட்டுது. அடியில கிடந்த உப்புத்தண்ணி அந்த வழியால ஏறியிருக்கு எண்டார் கிணறு இறைக்கிறவர். ஒழுங்கைச் சனம் வாளியோட வந்து, வாயில வைச்சுத் துப்பிப்போட்டு, என்னை ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போச்சினம். ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். இடம் காட்டினது நான். தீர்த்தம் தெளிச்சதும் நான்.

போன மாசம், அண்டைக்கு "எல்லாம் பாக்கிறம்" எண்ட அதே தம்பி காணிக்கு விலை பேச வந்தான்.

"உவர்க் காணியை வைச்சு என்னக்கா செய்யப் போறியள்?"

எனக்கு உடம்பெல்லாம் பத்திச்சுது. கிணத்தில அள்ளி, அந்தத் தண்ணியிலயே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைச்சன்.

ஒரு மிடறு குடிச்சவன் முகத்தைச் சுளிச்சான்.

"அண்டைக்குத் தந்த தேத்தண்ணி நல்லா இருந்ததே அக்கா" எண்டான்.